ஒரு சாலமாண்டரையும் ஒரு பறவையையும் ஒப்பிட்டு எழுதுவது எப்படி? முதல்முறை எழுதுபவர்களுக்கு

உயிரியல் படிப்பவர்களிடம் ஏதாவது ஒரு கட்டத்தில், "இரண்டு உயிரினங்களை எடுத்து ஒப்பிட்டு ஒரு திட்டக் கட்டுரை எழுதிக்கொண்டு வா" என்பார்கள். நீர்நிலவாழ்வி ஒன்று, பறவை ஒன்று என்று அமைந்துவிட்டால் கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஒன்று ஈரத்தோலோடு ஊர்வது, இன்னொன்று இறகோடு பறப்பது, வேற்றுமைக்கா பஞ்சம் என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். வேற்றுமை இவ்வளவு கொட்டிக் கிடக்கும்போது எதைச் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும், எதைச் சொன்னாலும் பயனில்லாமலும் போகும். எனக்குக் கிடைத்த குறிப்புகள் எல்லாம் "பத்து வேற்றுமைகள்" ரகம். அவற்றை ஒதுக்கிவிட்டு வேலையை ஒழுங்குபடுத்த நிறைய நேரம் பிடித்தது. அந்த ஒழுங்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்குக் கட்டுரை முழுவதும் ஒரே ஜோடி: மெக்சிகோவின் ஆக்சலாட்டில் என்ற சாலமாண்டர் (பல்லி போன்ற உடல்கொண்ட நீர்நிலவாழ்வி), நம் எல்லோருக்கும் தெரிந்த கோழி. இரண்டும் ஆய்வகங்களில் நெடுங்காலம் இருப்பவை, அதனால் தரவுக்குக் குறைவில்லை. உங்கள் ஜோடி வேறாக இருந்தாலும் படிகள் இவையேதான்.

1. ஜோடியைத் தேர்வதற்கு முன் கேள்வியை எழுதுங்கள்

பெரும்பாலானோர் பிடித்த இரண்டு விலங்குகளை முதலில் எடுத்துக்கொண்டு, அப்புறம் எதை ஒப்பிடலாம் என்று தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஒரே வரியில், கேள்விக்குறியோடு முடியும் ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள். "கால் எப்படி உருவாகிறது?", "முட்டையில் இருந்து வெளிவரும்போது குட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது?" என்ற அளவில் குறுகலாக இருக்கட்டும். அந்தக் கேள்விக்கு இரண்டு விலங்கிலும் பதில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் பதில் இருந்தால் அது ஒப்பீடு ஆகாது. "கோழிக்கு இறகு உண்டு, ஆக்சலாட்டிலுக்கு இல்லை" என்பது உண்மைதான். ஆனால் அதை வைத்து அடுத்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், நகராது.

கேள்வி தெளிவாக இருந்தால் ஜோடி தானாக வந்து நிற்கும். விலங்கு நஞ்சைப் பற்றிய கேள்வியா? அமெரிக்க மேற்குக் கரையில் வாழும் டாரிக்கா கிரானுலோசா என்ற நியூட்டின் (நியூட்டும் ஒருவகைச் சாலமாண்டர்தான்) தோலில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. நியூகினியின் பிட்டோஹுய் பறவையின் தோலிலும் இறகிலும் பேட்ராகோடாக்சின் என்ற நஞ்சு இருப்பதை 1992இல் வெளியிட்டார்கள். இரண்டு நஞ்சும் நரம்பின் சோடியம் வாயில்களைத்தான் தாக்குகின்றன. ஒன்று அடைக்கிறது, மற்றது மூட விடாமல் திறந்தே வைக்கிறது. இதைவிட அழகான ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை. திசையறிதல் பற்றிய கேள்வியா? சிவப்புப் புள்ளி நியூட்டும் ஐரோப்பிய ராபினும் பூமியின் காந்தப்புலத்தை உணர்கின்றன என்பதற்குச் சோதனைகள் உண்டு. இரண்டிலும் அது வெளிச்சத்தோடு தொடர்புடையது. உறுப்பு வளர்ச்சி, கரு வளர்ச்சி, மரபணு என்றால் ஆக்சலாட்டிலும் கோழியும்தான் வசதி.

பொறி ஒன்று: "சாலமாண்டர்" என்று பொதுவாகவோ "பறவை" என்று பொதுவாகவோ எழுதாதீர்கள். சாலமாண்டர்களில் நுரையீரலே இல்லாத ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. ஆக்சலாட்டிலுக்கு நுரையீரல் உண்டு. ஒன்றின் செய்தியை மற்றதன் மேல் ஏற்றினால் மதிப்பிடுபவர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

2. பெயரை முதலில் உறுதி செய்யுங்கள்

அரை நாள் வேலை. செலவு எதுவும் இல்லை. செய்யாமல் விட்டால் கடைசியில் எல்லாத் தரவையும் திரும்பப் பார்க்க வேண்டிவரும்.

ஆக்சலாட்டிலின் அறிவியல் பெயர் அம்பிஸ்டோமா மெக்சிகானம். இதில் குழப்பமில்லை. கோழிதான் தொல்லை. சிலர் காலஸ் காலஸ் என்பார்கள், சிலர் காலஸ் காலஸ் டொமெஸ்டிகஸ், இன்னும் சிலர் காலஸ் டொமெஸ்டிகஸ். முதல் பெயர் காட்டில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழிக்கும் உரியது. நீங்கள் எடுத்த எண் காட்டுக்கோழியுடையதா, முட்டைக்கு வளர்ப்பதா, இறைச்சிக்கு வளர்ப்பதா என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இறைச்சிக்கோழியின் எடை வளர்ச்சியை "கோழியின் வளர்ச்சி" என்று எழுதினால், அது மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் அளவுதானே தவிர இனத்தின் இயல்பு அல்ல.

ஆக்சலாட்டிலிலும் இது உண்டு. உலக ஆய்வகங்களில் இருப்பவை பல தலைமுறை அடைப்பில் வளர்ந்தவை. அவற்றில் புலிச் சாலமாண்டர் கலப்பும் உண்டு. வெளிறிய வகைக்குக் காரணமான மரபணுவே 1960களில் அப்படிக் கலந்து வந்ததுதான். ஆகவே "காட்டு ஆக்சலாட்டில்" என்று எழுதும் முன் மூலக் கட்டுரையின் முறைகள் பகுதியில் விலங்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

நீர்நிலவாழ்விகளின் பெயருக்கு அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலக நீர்நிலவாழ்விப் பட்டியல் போதும், இலவசம். பறவைகளுக்கு நெடுங்காலம் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்கள் இருந்தன. அவற்றை ஒன்றாக்கும் முயற்சியாக ஏவிலிஸ்ட் 2025இல் வந்தது. பழைய கட்டுரைகள் பழைய பட்டியலைத்தான் பின்பற்றியிருக்கும். எந்தப் பட்டியலை, எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது.

3. அனுமதி தேவையா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள்

வெளியான கட்டுரைகளை மட்டும் வைத்து எழுதுகிறீர்கள் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். உயிருள்ள விலங்கு, முட்டை, திசு, டிஎன்ஏ, எதையாவது தொடப்போகிறீர்கள் என்றால் மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்திவிட்டு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நேரத்தை இதுபோல் விழுங்கும் படி வேறு இல்லை. விலங்கு ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும் என்றால், ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: வழிகாட்டி ஆசிரியரின் ஒப்புதல் கடிதம், விலங்கு எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று, எத்தனை விலங்குகள் தேவை, ஏன் அத்தனை என்ற விளக்கம், வேலை முடிந்தபின் அவை என்ன ஆகும் என்ற குறிப்பு. கடைசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழுவில் முதலில் கேட்பது அதைத்தான்.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஆக்சலாட்டில் இருக்கிறது. நாடு விட்டு நாடு கொண்டுபோக ஆவணம் வேண்டும். முழு விலங்குக்குத்தான் இது, சிறு குப்பியில் இருக்கும் திசுவுக்கு என்ன என்று நினைக்காதீர்கள். உடல் பாகங்களும் அதிலிருந்து எடுத்தவையும் கணக்கில் வரும். கோழிக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் முட்டையும் திசுவும் எல்லை கடக்கும்போது கால்நடை நோய்த் தடுப்பு விதிகள் வந்து நிற்கும்.

இன்னொரு நுணுக்கம், எந்த வயதில் இருந்து ஒன்று "விலங்கு" என்று சட்டம் கருதுகிறது என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறையில், தானாக இரை தேடி உண்ணும் நிலையை எட்டிய ஆக்சலாட்டில் குட்டி விலங்குதான். முட்டைக்குள் இருக்கும் கோழிக்கரு அந்த வரையறைக்குள் வராது. பிரிட்டனிலோ அடைகாலத்தின் மூன்றில் இரண்டு பங்கு கடந்த கோழிக்கருவும் உள்ளே வந்துவிடும். அதாவது ஒரே ஒப்பீட்டின் ஒரு பாதிக்கு அனுமதி வேண்டும், மறுபாதிக்கு வேண்டாம் என்ற நிலைகூட வரலாம். உங்கள் இடத்தின் விதி என்ன என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை பிறகு நிற்காது.

4. தரவு எங்கே, எதற்குப் பணம்

பணம் அதிகம் தேவைப்படாத வேலைதான் இது. நீர்நிலவாழ்விகளுக்கு ஆம்ஃபிபியாவெப் இலவசம். காப்பு நிலைக்கு ஐயுசிஎன் சிவப்புப் பட்டியல். ஆயுட்காலத்துக்கு ஆன்ஏஜ். இரு இனங்கள் எப்போது பிரிந்தன என்பதற்கு டைம்ட்ரீ. மரபணு வரிசைகளுக்கு என்சிபிஐ. மரபணுத்தொகுதியின் பருமனுக்கு விலங்கு மரபணுத்தொகுதி அளவுத் தரவுத்தளம். எங்கே காணப்படுகிறது என்பதற்கு ஜிபிஐஎஃப். இவை எதற்கும் காசு இல்லை. பறவைகளைப் பற்றி மிக விரிவாகச் சொல்லும் "பேர்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்" மட்டும் சந்தா கேட்கும். உங்கள் நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்று நூலகரிடம் கேட்காமல் சொந்தப் பணத்தைப் போடாதீர்கள்.

ஆய்விதழ்க் கட்டுரை பூட்டியிருந்தால் முதலில் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியத்தில் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு வரி போதும். அனுப்பிவைப்பவர்கள் நிறையப் பேர், பதிலுக்கு ஒரு வாரமாவது விடுங்கள்.

ஜிபிஐஎஃப்பில் இருந்து பதிவிறக்கும்போது கணக்குத் தொடங்கி உள்நுழைந்து இறக்குங்கள். அப்போதுதான் அந்தப் பதிவிறக்கத்துக்கென்று ஒரு டிஓஐ எண், அதாவது மேற்கோள் காட்டக்கூடிய நிலையான அடையாள எண், கிடைக்கும். திரையில் தெரிவதை அப்படியே நகலெடுத்தால் பிறகு எங்கிருந்து வந்தது என்று காட்ட வழியிருக்காது.

5. ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் நிபந்தனையைச் சேர்த்து எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் பின்பற்றுவேன் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

ஒரு விரிதாள் திறந்துகொள்ளுங்கள். இனம், பண்பு, அளவு, அலகு என்று நான்கு நிரல்கள் எல்லோரும் போடுவார்கள். அதோடு இவற்றையும் போடுங்கள்: எத்தனை விலங்குகளில் அளந்தது, எந்த வெப்பநிலையில், எந்த வயது அல்லது எந்தக் கருநிலை, காட்டிலா அடைப்பிலா, எந்த ஆண்டு, எந்தப் பக்கம். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அதைக் காலியாகவே விடுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள்.

ஆண்டு ஏன் முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஆக்சலாட்டில் காட்டில் மிஞ்சியிருப்பது மெக்சிகோ நகரை ஒட்டிய சோச்சிமில்கோ கால்வாய்களில்தான். அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1998இல் சுமார் 6,000 என்று கணித்தார்கள். 2008இல் 100. 2014இல் 36. மூன்றும் வெளியான எண்கள்தான். ஆண்டைப் போடாமல் "சதுர கிலோமீட்டருக்கு 6,000" என்று எழுதினால், அழிவின் விளிம்பில் இருக்கும் விலங்கைச் செழித்து வாழ்வதாகக் காட்டிவிடுவீர்கள். சிவப்புக் காட்டுக்கோழியோ அச்சுறுத்தல் குறைந்த இனமாகப் பட்டியலில் இருக்கிறது. அந்த நிலை காட்டு இனத்துக்குத்தான். வளர்ப்புக்கோழிக்கு அப்படி ஒரு மதிப்பீடே கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

6. நாட்களை ஒப்பிடும்போது நிலைகளையும் பாருங்கள்

கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். ஆக்சலாட்டில் முட்டை, நீரின் வெப்பநிலையைப் பொறுத்து, இரண்டில் இருந்து மூன்று வாரத்தில் பொரிக்கும். அட்டவணையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் "ஏறத்தாழ ஒன்றுதான்" என்று தோன்றும். வெளியே வருவதைப் பாருங்கள். கோழிக்குஞ்சுக்கு இறகுப்பஞ்சு, நகம், கண், கால் எல்லாம் தயார். காய்ந்து முடித்தவுடன் எழுந்து நடக்கும், கொத்தித் தின்னும். ஆக்சலாட்டில் குட்டி சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், தலையோரம் செவுள்கள், பின்னால் ஒரு வால். நடக்கக் கால் இல்லை. முன்கால்கள் பொரித்த பிறகுதான் உருப்பெறும், பின்கால்கள் அதற்கும் சில வாரம் கழித்து.

ஆகவே "பொரிக்கும் காலம்" என்ற ஒரே தலைப்பின் கீழ் இந்த இரண்டு எண்களையும் போடலாம், ஆனால் அதிலிருந்து "வளர்ச்சி வேகம் ஒன்று" என்று முடிவுக்கு வரக் கூடாது. வேகத்தை ஒப்பிட வேண்டுமானால் இரண்டிலும் ஒரே நிகழ்வைத் தேர்ந்தெடுங்கள். முன்கால் மொட்டு முதலில் தெரிவது, இதயம் துடிக்கத் தொடங்குவது என்பன போல. கோழியில் சிறகு மொட்டு அடைகாத்த மூன்றாம் நாளை ஒட்டித் தெரிந்துவிடும்.

நிலை எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. கோழிக்கருவுக்கு ஹாம்பர்கர், ஹாமில்டன் இருவரும் 1951இல் வகுத்த 46 நிலைகள்தான் வழக்கம். ஆக்சலாட்டிலுக்கு வேறு நிலை அட்டவணை. இரண்டிலும் "நிலை 25" என்று இருக்கலாம். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எண்ணை மட்டும் எழுதாமல், அந்த நிலையில் என்ன தெரிகிறது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

வெப்பநிலையும் இங்கே நுழையும். கோழி முட்டை எங்கே அடைந்தாலும் 37.5 டிகிரியைச் சுற்றித்தான், கொஞ்சம் விலகினாலும் கரு கெட்டுவிடும். ஆக்சலாட்டில் முட்டையைக் குளிர்ந்த நீரில் வைத்தால் மெதுவாக வளரும், அவ்வளவுதான். வெப்பநிலை போடாத "நாட்கள்" கோழிக்கு ஓரளவு பொருள் தரும், ஆக்சலாட்டிலுக்கு எதுவும் தராது.

7. உடல்வெப்பமும் ஆற்றலும்

கோழியின் உடல் 41 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆக்சலாட்டிலின் உடல் நீர் எந்த வெப்பமோ அந்த வெப்பம். 16 முதல் 18 டிகிரி அதற்கு வசதி. இரண்டின் வளர்சிதை மாற்ற வேகத்தை அப்படியே ஒப்பிட்டால் கோழி பல மடங்கு மேலே நிற்கும், இதில் வியப்பில்லை.

சிலர் இதைச் சரிசெய்கிறேன் என்று க்யூ10 (வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் வேகம் எத்தனை மடங்காகிறது என்ற விகிதம்) கணக்குப் போட்டு, ஆக்சலாட்டிலின் வேகத்தை 41 டிகிரிக்கு உயர்த்தி எழுதுகிறார்கள். பத்து டிகிரிக்கு வேகம் இரண்டு மடங்கு என்று வைத்துப் பெருக்கினால் ஓர் எண் வரத்தான் செய்யும். ஆனால் 41 டிகிரி நீரில் ஆக்சலாட்டில் உயிரோடு இருக்காது. இறந்த விலங்கின் வளர்சிதை மாற்றத்தை அட்டவணையில் போட்டு என்ன பயன்? ஒவ்வொன்றையும் அதன் இயல்பான வெப்பத்தில் அளந்த எண்ணை எடுத்து, வெப்பத்தைப் பக்கத்தில் எழுதிவிடுவதே நேர்மையான வழி. க்யூ10 திருத்தம் ஒரே விலங்கின் இரண்டு அளவுகளுக்கு இடையே, சில டிகிரி வித்தியாசத்துக்குப் பயன்படட்டும்.

உடல் எடையையும் கவனியுங்கள். எடை இரண்டு மடங்கானால் ஆற்றல் தேவை இரண்டு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று வகுத்துவிட்டால் போதும் என்று நினைத்தால் சின்ன விலங்குதான் எப்போதும் ஜெயிக்கும்.

8. உறுப்பை ஒப்பிடுவது: கால், விரல், மறுவளர்ச்சி

இந்த ஜோடியில் உண்மையான சரக்கு இங்கேதான் இருக்கிறது. நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

முதலில் எண்ணிப் பாருங்கள். ஆக்சலாட்டிலுக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. கோழிக்குச் சிறகுக்குள் மூன்று, காலில் நான்கு. சிறகின் அந்த மூன்று விரல்கள் ஐந்தில் எந்த மூன்று என்பதைப் பற்றி நீண்ட விவாதம் உண்டு. கருவைப் பார்ப்பவர்கள் 2, 3, 4 என்றும், புதைபடிவங்களைப் பார்ப்பவர்கள் 1, 2, 3 என்றும் சொல்லிவந்தார்கள். ஆகவே "ஆக்சலாட்டிலின் இரண்டாம் விரல், கோழியின் இரண்டாம் விரல்" என்று ஒரே வரியில் போடும் முன் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து, விரல்கள் தோன்றும் வரிசை. ஆக்சலாட்டிலில் கட்டைவிரல் பக்கத்து இரண்டு விரல்கள் முதலில் வரும், மற்றவை பின்னால் ஒவ்வொன்றாக. கோழி உட்பட மற்ற நான்குகாலிகளில் சுண்டுவிரல் பக்கத்தில் இருந்து தொடங்கும். சாலமாண்டர்களின் தனிக்குணம் இது. அட்டவணையில் ஒரு வரிதான், ஆனால் பத்து வேற்றுமைகளுக்குச் சமம்.

இன்னும் உள்ளே போனால், கோழியின் சிறகு மொட்டின் நுனியில் தோல் தடித்து ஒரு வரப்பு மாதிரி ஓடும். அதை வெட்டி எடுத்தால் சிறகு பாதியில் நின்றுவிடும் என்று 1948இல் காட்டினார்கள். அந்த வரப்பில் இயங்கும் மரபணுக்களில் ஒன்று எஃப்ஜிஎஃப்8. ஆக்சலாட்டிலின் கால் மொட்டில் அப்படி ஒரு தெளிவான வரப்பே தெரியாது. ஆனால் எஃப்ஜிஎஃப்8 இருக்கிறது, தோலில் இல்லை, அதன் கீழே உள்ள திசுவில். "இரண்டிலும் எஃப்ஜிஎஃப்8 இயங்குகிறது" என்பது சரியான வாக்கியம்தான், ஆனால் பாதி உண்மை. எந்தத் திசுவில் என்று சேர்த்தால்தான் ஒப்பீடு முழுமையாகும்.

இப்போது எல்லோரும் எழுத விரும்பும் மறுவளர்ச்சி. ஆக்சலாட்டிலின் காலை வெட்டினால் வெட்டுமுனையில் செல்கள் குவிந்து மொட்டாகி, எலும்பு, தசை, நரம்போடு முழுக்கால் வளர்ந்துவிடும். குட்டியில் சில வாரங்கள், முதிர்ந்ததில் மாதக்கணக்கில். வளர்ந்த கோழியில் இது நடக்காது. இங்கே இரண்டு பொறிகள்.

ஒன்று, "சாலமாண்டர் எதையும் திரும்ப வளர்க்கும்" என்று எழுதுவது. நியூட்டுகள் வளர்ந்தபின்னும் கண்ணின் வில்லையைத் திரும்ப உருவாக்கும். ஆக்சலாட்டிலால் பொரித்த பிறகு முதல் இரண்டு வாரம் வரைதான் அது முடியும். வில்லையைப் பற்றி எழுதினால் எந்த சாலமாண்டர், எந்த வயது என்பது இல்லாமல் வாக்கியம் நிற்காது.

மற்றது, "பறவைக்கு மறுவளர்ச்சியே கிடையாது" என்பது. பறவைகளின் உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அழிந்தால், வளர்ந்த பறவையிலும் புதிதாக வரும். 1980களின் பிற்பகுதியில் கண்டறிந்தது. மனிதர் உட்படப் பாலூட்டிகளின் செவிச்சுருளில் முதிர்ந்தபின் அது நடப்பதில்லை. ஆகவே "உறுப்பு மறுவளர்ச்சி" என்று ஒரே கட்டம் போட்டு ஆம், இல்லை என்று எழுதாமல், கால், வில்லை, உட்காது என்று தனித்தனி வரியாகப் பிரியுங்கள். வரிகள் கூடும், சண்டை குறையும்.

9. "இந்த மரபணு இல்லை" என்று எழுதும் முன்

ஆக்சலாட்டிலின் மரபணுத்தொகுதி 3,200 கோடி டிஎன்ஏ எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி) கொண்டது என்று 2018இல் வெளியானது. மனிதருடையதைப்போல் பத்து மடங்கு. கோழியுடையது 100 கோடியைச் சற்றுத் தாண்டும். முப்பது மடங்கு பெரியது என்பதால் மரபணுக்களும் முப்பது மடங்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மரபணுக்களின் எண்ணிக்கையில் அந்த அளவு வேறுபாடு கிடையாது, பருமனில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள்.

பேக்ஸ்3 என்ற மரபணு ஆக்சலாட்டிலில் இல்லை, அதன் வேலையை பேக்ஸ்7 பார்க்கிறது என்று அந்த 2018 ஆய்வு சோதனையோடு காட்டியது. அப்படி எழுதினால் நிற்கும். கோழியில் லெப்டின் மரபணு இல்லை என்றும் பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். பிறகு அது கிடைத்துவிட்டது. ஜி, சி எழுத்துகள் மிக அதிகமாக இருந்த பகுதி என்பதால் பழைய வரிசைப்படுத்தும் கருவிகளுக்குப் பிடிபடவில்லை. தேடிக் கிடைக்கவில்லை என்பதும் இல்லை என்பதும் வெவ்வேறு. உங்கள் வாக்கியத்தில் "இந்தப் பதிப்பில் காணப்படவில்லை" என்று எழுதி, பதிப்பின் பெயரையும் போடுங்கள். கோழிக்கே ஜிஆர்சிஜி6ஏ, ஜிஆர்சிஜி7பி என்று பதிப்புகள் மாறியிருக்கின்றன. தரவுத்தளத்தில் மரபணு வரிசைக்குத் தரும் பதிவெண்ணில் புள்ளிக்குப் பிறகு வரும் பதிப்பு எண்ணையும் விடாதீர்கள்.

சின்னதாக ஒன்று. பால் நிர்ணயக் குரோமோசோம்களைப் பார்த்தால், இரண்டு விலங்கிலும் பெண்ணுக்கு இசட், டபிள்யூ, ஆணுக்கு இரண்டு இசட். பார்த்தவுடன் "பொது மூதாதையிடம் இருந்து வந்தது" என்று எழுதத் தோன்றும். வேண்டாம். இரண்டும் தனித்தனியாகத் தோன்றியவை. கோழியில் டபிள்யூ, இசட்டைவிட மிகச் சிறியது. ஆக்சலாட்டிலில் இரண்டுக்கும் வேறுபாடே மிகக் குறைவு.

அதே மூச்சில், ஆக்சலாட்டிலைப் பறவையின் முன்னோராக எழுதிவிடாதீர்கள். இரண்டின் பாதைகளும் சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தன. அன்றிலிருந்து இன்றுவரை இரண்டும் ஒரே அளவு காலம் மாறிவந்திருக்கின்றன. "பழைய நிலை", "முன்னேறிய நிலை" என்ற சொற்களைத் தேடி நீக்கிவிடுங்கள். ஆக்சலாட்டில் செவுளோடே வாழ்நாள் முழுக்க இருப்பதுகூடப் பழமை இல்லை. உருமாறும் சாலமாண்டர்களின் வழியில் வந்து, உருமாற்றத்தை விட்டுவிட்ட விலங்கு அது. தைராய்டு ஹார்மோன் கொடுத்தால் உருமாறி நிலத்துக்கு ஏறிவிடும்.

10. எழுதும் வரிசை, படங்கள், ஒப்படைப்பு

ஆக்சலாட்டில் பற்றி ஐந்து பக்கம், கோழி பற்றி ஐந்து பக்கம் என்று எழுதினால் ஒப்பிடும் வேலையைப் படிப்பவர் தலையில் கட்டுகிறீர்கள். பண்பு வாரியாக எழுதுங்கள். ஒரு பத்தியில் ஒரு பண்பு, இரண்டு விலங்கும் அதே பத்தியில். ஏழெட்டுப் பண்புக்கு மேல் வேண்டாம். கேள்விக்கு உதவாத வரி எவ்வளவு சுவையாக இருந்தாலும் வெளியே போகட்டும். என் பட்டியலில் இருந்து மூச்சுவிடும் முறை அப்படித்தான் போனது. ஆக்சலாட்டில் செவுள், தோல், தொண்டை, நுரையீரல் என நான்கு வழியில் மூச்சு வாங்கும், கோழியின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும். அருமையான செய்திதான், கால் பற்றிய கேள்விக்கு அங்கே வேலையில்லை.

படங்களுக்கு உரிமம் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் படம் என்றால் எடுத்தவர் பெயர், உரிமத்தின் வகை இரண்டையும் படத்தின் கீழே போட வேண்டும். ஆய்விதழில் இருந்து படம் எடுத்தால் பதிப்பகத்தின் அனுமதி தேவைப்படலாம். பெரும்பாலும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் கடைசி நாளில் செய்யும் வேலை அல்ல. நீங்களே கோட்டோவியம் வரைந்துவிட்டால் காசும் மிச்சம், காத்திருப்பும் மிச்சம். இரண்டு படத்திலும் அளவுகோல் கட்டாயம். ஒரு சென்டிமீட்டர் குட்டியும் உள்ளங்கையளவு குஞ்சும் ஒரே அளவில் அச்சாகி நிற்பதை நிறையக் கட்டுரைகளில் பார்க்கலாம்.

நேரத்தைப் பிரிக்கும்போது, கட்டுரைகளை மட்டும் வைத்து எழுதுபவர் பாதி நேரத்தைத் தரவுத்தாளுக்கு ஒதுக்கட்டும். எழுதுவது அதன்பின் வேகமாகப் போகும். ஆய்வக வேலை உள்ளவர் ஆக்சலாட்டிலின் நாட்காட்டியைத்தான் பின்பற்ற வேண்டும். கோழி முட்டை கேட்ட வாரத்தில் கிடைக்கும், 21 நாளில் முடிந்துவிடும். ஆக்சலாட்டில் முட்டையிடுவது உங்கள் அட்டவணைப்படி நடக்காது, முதிர்ந்த விலங்கில் கால் வளர்வதைப் பார்க்க ஒரு பருவமே போய்விடும். ஆக்சலாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டு, அது வளரும் இடைவெளியில் கோழி வேலையை முடியுங்கள்.

ஒப்படைக்கும்போது கட்டுரையோடு விரிதாளையும் இணையுங்கள், காலிக்கட்டங்களோடு சேர்த்தே. அனுமதிக் கடிதத்தின் எண், பெயர்ப்பட்டியலின் பதிப்பு, தரவுத்தளங்களைப் பார்த்த தேதி மூன்றும் முறைகள் பகுதியின் முதல் பத்தியில் இருக்கட்டும்.